144 போட்ட ரெண்டு பிள்ளைங்க

சிங்கப்பூர்ல பி5 (தொடக்கப்பள்ளி அஞ்சாம் வகுப்பு) படிக்கிற பிள்ளை வீட்டுல இருந்தா வாட்ஸாப் குரூப் எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும், வருஷம் பொறந்த உடனே "உங்க பிள்ளைக்கு எந்த ஆப் போட்டிருக்கீங்க?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. எல்லா ஆப்பும் சொல்றது ஒண்ணேதான், ஏஐ இருக்கு, உங்க பிள்ளை எப்படியோ அதுக்கு ஏத்த மாதிரி நாங்க மாறிக்குவோம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாதை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைல இருக்கிறவன், "தானா மாறிக்கும்"னு யாராச்சும் சொன்னா எனக்கு உடனே வர்ற கேள்வி, சரி, எதைப் பாத்து மாறும்? இதை குரூப்ல கேட்டா யாரும் பதில் சொல்றதில்ல, ஸ்மைலி போட்டுட்டு போயிடுவாங்க.

எங்க வீட்டுல என் பொண்ணு பி5, அக்கா பையனும் பி5. வீக்கெண்ட்ல அவன் எங்க வீட்டுக்கு செங்காங் வந்துடுவான், ரெண்டு பேரும் ஹால்ல ஆளுக்கொரு டேப்லெட்டோட உக்காந்து ஒரே ஆப்ல கணக்கு போடுவாங்க (ஆப் பேரு வேணாம், எல்லா ஆப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான்). அப்படி ஒரு நாள் வந்த கணக்கு இது. ஒருத்தன் தன்கிட்ட இருந்த காசுல மூணுல ஒரு பங்கு குடுத்து புத்தகம் வாங்கினான், மீதியில நாலுல ஒரு பங்கு சாப்பாட்டுக்கு செலவு பண்ணினான், கடைசில கையில 60 வெள்ளி, முதல்ல அவன்கிட்ட எவ்ளோ இருந்துச்சு? விடை 120. புத்தகம் 40, மீதி 80, அதுல கால்வாசி 20, போக 60.

ரெண்டு பேரும் 144ன்னு போட்டாங்க.

144 எங்கேர்ந்து வருதுன்னா, "மீதியில" நாலுல ஒரு பங்குன்னு எடுக்காம மொத்தத்துல நாலுல ஒரு பங்குன்னு எடுத்தா வரும். மொத்தத்த 12 பங்கா பிரிச்சா புத்தகத்துக்கு 4, சாப்பாட்டுக்கு 3, மிச்சம் 5 பங்கு, அது 60ன்னா ஒரு பங்கு 12, மொத்தம் 144. கணக்கு அழகா சுத்தமா வருது பாருங்க, கேள்வி தயார் பண்ற ஆளுங்க வேணும்னே இப்படி நம்பர் வைப்பாங்க, தப்பா போனாலும் முழு எண்ணா வந்து நிக்கும், பிள்ளைக்கு சந்தேகமே வராது.

என் பொண்ணுகிட்ட "சத்தமா படிம்மா"ன்னு சொன்னேன். படிச்சா, பாதியிலயே "ஓ, மீதியிலயா! ப்பா நான் பாக்கல"ன்னு அவளே அழிச்சுட்டு 120 போட்டுட்டா. சீக்கிரம் முடிச்சா ஸ்டார் கிடைக்கும்னு அவசரம், வேற ஒண்ணும் இல்ல. அக்கா பையனும் சத்தமா படிச்சான், ஒரு வார்த்தை விடாம படிச்சான், படிச்சுட்டு "அதான் மாமா நானும் போட்டிருக்கேன்"னு பேப்பர்ல பார் மாடல் (தொகைய கட்டம் கட்டமா பிரிச்சுக் காட்டுற படம்) வரைஞ்சு காட்டினான், 12 கட்டம், 4 கட்டத்துல புத்தகம், 3 கட்டத்துல சாப்பாடு, நேர்த்தியா ஸ்கேல் வச்சு. அவனைப் பொறுத்தவரைக்கும் பின்னம்னா எப்பவுமே முழு பார்ல ஒரு துண்டு. மீதின்னு ஒண்ணு புதுசா ஒரு முழுசா மாறும், அதை மறுபடி பங்கு போடலாம்ங்கிறது அவன் மண்டைல இன்னும் உக்காரல.

இப்ப ஆப் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. ரெண்டு பேருக்கும் "பின்னம் வீக்"னு முடிவு பண்ணி ரெண்டு பேரையும் அடிப்படைக்கு அனுப்பிடுச்சு, பீட்சா துண்டுக்கு கலர் அடிக்கிற வீடியோ. என் பொண்ணு கொட்டாவி விட்டா. அக்கா பையன் அங்க வந்த எல்லா கேள்வியும் சரியா போட்டான், ஏன் போட மாட்டான், பீட்சா எப்பவுமே முழு பீட்சாதானே, அவன் நம்புற விஷயம் அங்க சரியா வேலை செய்யுது! உடனே பட்டாசு வெடிச்சு "நீ இதுல மாஸ்டர்"னு சொல்லி மேல அனுப்புச்சு, மேல வந்து மறுபடி அதே மாதிரி கணக்கு, மறுபடி அதே மாதிரி தப்பு, மறுபடி பீட்சா. இப்படியே கொஞ்ச நாள் சுத்தினதுக்கு அப்புறம் அந்த மாதிரி கணக்கே அவனுக்கு வரதில்ல. பி4 லெவல்ல சும்மா நின்னுடுச்சு. ஸ்க்ரீன்ல பச்சை கலர் டிக்கா குமியுது, அக்காவுக்கு வாராவாரம் "உங்க பிள்ளை பிரமாதமா முன்னேறுறார்"னு ஈமெயில் வேற.

இந்த மாதிரி சாஃப்ட்வேர் பெரும்பாலும் உள்ள என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் சொல்றேன், மாயமந்திரம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு திறன் பேரு ஒட்டி வச்சிருப்பாங்க. பிள்ளைக்கு அந்தத் திறன் தெரிஞ்சிருக்க வாய்ப்பு எவ்ளோன்னு ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும், சரியா போட்டா ஏறும், தப்பா போட்டா இறங்கும். இதுல ரொம்ப காலமா புழங்குற ஒரு முறை கார்பெட், ஆண்டர்சன்னு ரெண்டு பேர் 1990கள்ல கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல செஞ்சது, அதுல நாலே நாலு விஷயம்தான், முன்னாடியே தெரிஞ்சிருக்க வாய்ப்பு, ஒரு தடவ பண்ணும்போது கத்துக்க வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்குல சரியா போட வாய்ப்பு, தெரிஞ்சும் கைதவறி தப்பா போட வாய்ப்பு. கடைசி ரெண்டும் இருக்கிறதே நல்ல யோசனை, என் பொண்ணு பண்ணது அந்த கைதவறல்தான். ஆனா திறன் பேரு "பின்னம்"னு மொத்தமா ஒண்ணே ஒண்ணு ஒட்டினா அவ்ளோதான், "முழுசுல பங்கு" வேற "மீதியில பங்கு" வேறன்னு பிரிச்சு ஒட்டியிருந்தா அக்கா பையன் பீட்சாவுக்கு போயிருக்கவே மாட்டான். அந்தப் பேரு ஒட்டுற வேலைய பண்றது மெஷின் மட்டும் இல்ல, கணக்கு சொல்லிக் குடுத்து அனுபவம் இருக்கிற ஆள் உக்காந்து பண்ணணும், அதுக்கு காசு செலவாகும், விளம்பரத்துல அது தெரியவும் தெரியாது.

இதெல்லாம் புதுசும் இல்ல. ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் 1950கள்லயே டீச்சிங் மெஷின் செஞ்சுட்டார், பிள்ளைங்க அவங்கவங்க வேகத்துல போகலாம்ங்கிறதுதான் அதோட பெருமை, ஆனா பாதை எல்லாருக்கும் ஒண்ணுதான், வேகம் மட்டும்தான் வேற. அதே காலத்துல நார்மன் க்ரௌடர்னு ஒருத்தர் அமெரிக்க விமானப்படை டெக்னீஷியன்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கிற வேலைல இருந்தவர், அவர் வேற வழில போனார், நாலு விடைல நீ எந்தத் தப்பான விடைய எடுத்தியோ அந்தத் தப்புக்குன்னே எழுதின பக்கத்துக்கு உன்னை அனுப்பும், இந்த விடைய எடுத்தேன்னா நீ இப்படி யோசிச்சிருப்பே, அது ஏன் சரியில்லன்னா இதுன்னு. கம்ப்யூட்டர் கூட வேணாம், புத்தகத்துலயே பக்கம் மாறி மாறி போற மாதிரி செஞ்சாங்க. 1978ல ப்ரௌன், பர்ட்டன் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க கழித்தல் கணக்குல பண்ற தப்ப எடுத்து ஆராய்ச்சி பண்ணினாங்க. 52ல 38 போனா 26னு ஒரு பிள்ளை போடுதுன்னா அது கவனக்குறைவு இல்ல, ஒவ்வொரு பத்தியிலயும் பெரிய நம்பர்லேர்ந்து சின்ன நம்பர கழிக்கிறதுன்னு அது ஒரு சட்டம் வச்சிருக்கு, அந்த சட்டத்த ஒழுங்கா கடைப்பிடிக்குது. தப்புக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு, அதைக் கண்டுபிடின்னு அவங்க சொல்லி இவ்ளோ வருஷம் ஆச்சு, நம்ம ஆப் இன்னும் பீட்சா காட்டிட்டு இருக்கு.

இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கு, இதை நான் அந்த வாட்ஸாப் குரூப்ல ஷேர் பண்ணி யாரும் படிக்கல, அதனால இங்க எழுதறேன். கர்ட் வான்லேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2011ல பழைய ஆய்வுகள எல்லாம் சேத்து வச்சுப் பாத்தார். மனுஷ ட்யூட்டர் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா வர்ற பலன், ட்யூஷனே இல்லாததோட ஒப்பிட்டா, 0.79ன்னு வந்துச்சு (ஆய்வு பண்றவங்க பயன்படுத்துற ஒரு அளவு, பெருசா இருந்தா நல்லது, அவ்ளோ புரிஞ்சா போதும்). பிள்ளை போடற ஒவ்வொரு ஸ்டெப்பையும் கவனிக்கிற சாஃப்ட்வேருக்கு 0.76. மனுஷனுக்கு கிட்டக்க வந்துடுச்சு! ஆனா கடைசி விடைய மட்டும் பாக்கிற சாஃப்ட்வேருக்கு 0.31தான். எனக்கு இதைப் படிச்ச உடனே ஹால்ல கிடந்த அந்த பார் மாடல் பேப்பர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, ரெண்டு பிள்ளைங்களுக்கும் இருந்த வித்தியாசம் முழுக்க அந்தப் பேப்பர்ல இருந்துச்சு, ஆப்புக்கு போன 144ல ஒண்ணுமே இல்ல.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். குரூப்ல ஒரு அம்மா "என் பையன் விஷுவல் லேர்னர், அதுக்கு ஏத்த ஆப் இருக்கா"ன்னு கேட்டிருந்தாங்க. பாத்து கத்துக்கிறவன், கேட்டு கத்துக்கிறவன், செஞ்சு கத்துக்கிறவன்னு பிள்ளைங்கள வகை பிரிச்சு அந்த அந்த வகைக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுத்தா நல்லா வரும்ங்கிறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்லன்னு 2008ல பாஷ்லர்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட நாலு பேரும்... இல்ல, கூட மூணு பேரும் சேந்து அலசிப் பாத்து எழுதிட்டாங்க. ஆனா இன்னும் அதை வச்சு வியாபாரம் நடக்குது. பிள்ளைக்குப் பிள்ளை நிஜமாவே வேறுபடுறது எதுலன்னா, ஏற்கனவே என்ன தெரியும்ங்கிறதுல. புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு முழுசா போட்டுக் காட்டின கணக்கு உதவும், தெரிஞ்ச பிள்ளைக்கு அதே உதவி இடைஞ்சலாப் போயிடும், என் பொண்ணு கொட்டாவி விட்டது அதனாலதான்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். 2019ல வந்த தேசிய ஏஐ திட்டத்துலயே அஞ்சு பெரிய வேலைல ஒண்ணா கல்விய வச்சாங்க. எஸ்எல்எஸ் (கல்வி அமைச்சோட ஆன்லைன் பாடத் தளம்) இங்க எல்லாருக்கும் தெரியும், 2018லேர்ந்து எல்லா பள்ளிக்கூடத்துலயும் இருக்கு, கோவிட்ல வீட்டுல உக்காந்து படிச்சப்ப லாகின் ஆகாம நம்மள பாடா படுத்தினது வேற கதை. அதுக்குள்ள 2023 ஜூன்லேர்ந்து பி5 கணக்குக்கு பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாறுற பகுதி வந்துச்சு, செகண்டரி ஜியாகிரபிக்கும் போச்சு. நான் அதை ஒசத்தின்னு சொல்ல வரல, ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அங்க பிள்ளையோட டீச்சர் இருக்காங்க, யாரு எங்க நிக்கிறாங்கன்னு அவங்க பாக்கலாம், பாத்துட்டு மறுநாள் கிளாஸ்ல அந்தப் பிள்ளைய கூப்பிட்டு "எப்படி போட்டே, வரைஞ்சு காட்டு"ன்னு கேக்கலாம். காசு கட்டி வாங்கின ஆப்புல பாக்கிறதுக்கு நானும் அக்காவும்தான், அதுவும் அந்த பிரமாத ஈமெயில்தான்.

அக்காகிட்ட இந்த பி4 லெவல் விஷயத்த சொன்னப்ப அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சொன்னா, "எனக்காச்சும் பேப்பர்ல எழுதி வீட்டுக்கு அனுப்பினாங்கடா. இவனுக்கு சொல்லாமலே பண்ணியிருக்கு."

தொண்ணூறுகள்ல படிச்சவங்களுக்கு இது புரியும். அக்கா ஈஎம்3. அப்ப பி4 முடிச்ச உடனே பிள்ளைங்கள ஈஎம்1, ஈஎம்2, ஈஎம்3ன்னு பிரிச்சுடுவாங்க, அதுக்குப் பேரு ஸ்ட்ரீமிங், ஈஎம்3ன்னா கணக்கு, ஆங்கிலம் எல்லாம் சுலபமாக்கின பாடம், அங்கேர்ந்து செகண்டரி எந்தப் பக்கம் போகும்னும் பாதி முடிவாயிடும். அந்தப் பேரு 2008ல போச்சு, பாடம் பாடமா லெவல் பிரிக்கிற முறை வந்துச்சு, 2024ல செக் 1 (உயர்நிலை முதல் வருஷம்) போன பிள்ளைங்களுக்கு எக்ஸ்பிரஸ், நார்மல்னு பிரிக்கிற பேரும் இல்ல, பாடத்துக்குப் பாடம் ஜி1 ஜி2 ஜி3ன்னு லெவல்தான், ஒரு பிள்ளை கணக்குல ஜி3, வேற பாடத்துல ஜி2ன்னு கலந்து எடுக்கலாம், நடுவுல மாறவும் வழி இருக்கு. நாடு இத்தன வருஷம் எடுத்து அந்த வேலிய கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுட்டு வருது, இந்தப் பக்கம் நம்ம வீட்டு ஹால்லயே ஒரு ஆப் சத்தமில்லாம மறுபடி வேலி கட்டுதுன்னா எப்படி இருக்கும்? ஸ்ட்ரீமிங்ல பிள்ளைய பிரிச்சது பி4 முடிவுல ஒரு தடவ, இதுல கேள்விக்குக் கேள்வி. அப்ப அப்பா ஸ்கூலுக்குப் போய் பிரின்சிபால்கிட்ட பேசிட்டாச்சும் வந்தார், இதுல யார்கிட்ட போய் பேசறது?

அதுக்காக லெவல் குறைக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. கீழ இறக்கு, தப்பில்ல, அஸ்திவாரம் ஆட்டம் கண்டா இறங்கித்தான் சரி பண்ணணும். எதுக்கு இறக்கினேன்னு சொல்லு, எப்ப மேல கொண்டு வருவேன்னு சொல்லு, போய் சேர வேண்டிய இடம் எல்லாருக்கும் அதேதான்னு வையி. பாதை எத்தனை வேணா இருக்கட்டும், சேர்ற இடத்தையே பிள்ளைக்குப் பிள்ளை மாத்தி வச்சுட்டு அதுக்கு பர்சனலைஸ்டுன்னு பேரு வச்சா அதை நான் ஒத்துக்க மாட்டேன்.

தமிழ்ப் பாடத்துக்கு வந்தா இந்தப் பிரச்சினை இன்னும் ஒரு படி மேல. 2020 மக்கள்தொகை கணக்குப்படி வீட்டுல அதிகமா தமிழ் பேசறவங்க சிங்கப்பூர்வாசிகள்ல 2.5 சதவீதம்தான், ஆங்கிலம் 48.3 சதவீதம். அதனால ஒரே பி2 தமிழ் கிளாஸ்ல பாட்டியோட நாள் முழுக்க தமிழ்ல வாயாடுற பிள்ளையும் இருக்கும், போன வருஷம் திருச்சிலேர்ந்து வந்து இறங்கின பிள்ளையும் இருக்கும், வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆங்கிலம்தான்னு இருக்கிற பிள்ளையும் இருக்கும், வீட்டுல மலையாளமோ தெலுங்கோ பேசிட்டு இங்க தமிழ் எடுக்கிற பிள்ளையும் இருக்கும். இந்த நாலு பேரும் ஒரே வார்த்தைய ஒரே மாதிரி தப்பா எழுதினா நாலுக்கும் காரணம் நாலு.

பள்ளின்னு எழுத வேண்டிய இடத்துல ஒரு பிள்ளை பல்லின்னு டைப் பண்ணுதுன்னு வைங்க. ஒருத்தனுக்கு ல, ள ரெண்டும் காதுல ஒண்ணாத்தான் விழுது. ஒருத்திக்கு சொல்லத் தெரியும், எழுதிப் பாத்ததில்ல. இன்னொருத்தனுக்கு எல்லாமே தெரியும், அஞ்சல் கீபோர்டுல (ஆங்கில எழுத்த தட்டி தமிழ் வரவைக்கிறது) ள வரணும்னா ஷிஃப்ட் அமுக்கணும், விரல் அமுக்கல, அவ்ளோதான்! தமிழ்99ங்கிற இன்னொரு கீபோர்டு பழகின பிள்ளைக்கு ல ஒரு கீ, ள வேற கீ, அதுக்கு இந்த ஷிஃப்ட் தொல்லை வராது. எந்த கீபோர்டுல டைப் பண்ணுச்சுன்னு தெரியாத சாஃப்ட்வேர் மூணு பேரையும் ஸ்பெல்லிங் வீக்னு ஒரே கூடைல போடும்.

இதைவிட கொடுமை ஒண்ணு இருக்கு, நான் டெஸ்டர்ங்கிறதால கண்டுபிடிச்சேன். என் பொண்ணு "கொடி"ன்னு சரியா டைப் பண்ணியிருந்தா, ஆப் தப்புன்னு சிவப்பு போட்டுச்சு. அவ மறுபடி டைப் பண்றா, மறுபடி தப்பு, கண்ணு கலங்கிடுச்சு. விஷயம் என்னன்னா யூனிகோடுல (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் குடுத்து வச்சிருக்கிற முறை) "கொ" எழுத ரெண்டு வழி இருக்கு, ககரத்தோட ஒகரக் குறி ஒரே குறியா வரலாம், இல்ல ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா வரலாம், ஸ்க்ரீன்ல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், உள்ள இருக்கிற எண் வேற. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாக்கணும்ங்கிறது இந்த வேலைல அரிச்சுவடி, சின்ன கோடு, பண்ணல. 1997லயே தமிழ்நெட்னு இணையத் தமிழுக்கு மாநாடு நடத்தின ஊர் இது, நா. கோவிந்தசாமி மாதிரி ஆளுங்க எழுத்துருவுக்கும் கீபோர்டுக்கும் உழைச்ச ஊர் இது, இங்க விக்கிற ஆப்புல கொ வரலன்னா கோவம் வருமா வராதா.

பேச்சுத் தமிழ் விஷயமும் அப்படித்தான். 2005ல தமிழ்ப் பாடத்திட்டத்த மறுபடி ஆராய்ஞ்ச குழு பேச்சுத் தமிழுக்கும் வகுப்புல இடம் குடுக்கச் சொல்லுச்சு, டீச்சருங்களும் வாய்மொழில பிள்ளை "நேத்து கடைக்கு போனேன்"னு சொன்னா சந்தோஷமா கேட்டுக்கறாங்க. ஆப்புல மைக்ல அதையே சொன்னா அதுக்கு "நேற்று கடைக்குச் சென்றேன்" தான் வேணும். வீட்டுல தமிழ் பேசற பிள்ளைதான் இதுல அதிகமா மாட்டுது, தமிழே பேசாத பிள்ளை மனப்பாடம் பண்ணின வாக்கியத்த ஒப்பிச்சு பாஸாகிடுது. பாட்டியோட பேசற பிள்ளைக்கு மார்க் குறையுதுன்னா அந்த ஆப் எதைத்தான் அளக்குது?

இப்ப நாங்க பண்றது, டேப்லெட் பக்கத்துலயே ஒரு நோட்டு, கணக்க முதல்ல அதுல வரைஞ்சுட்டு அப்புறம்தான் ஸ்க்ரீன்ல விடை. ஸ்டார், டைமர் எல்லாம் செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணியாச்சு, பொண்ணுக்கு கொஞ்சம் வருத்தம்தான். ஹிண்ட் பட்டன வேகமா அமுக்கிட்டே போனா கடைசில விடையே வந்துடும்னு ரெண்டு பேரும் எப்பவோ கண்டுபிடிச்சிருக்காங்க, அது எனக்கு இப்பதான் தெரிஞ்சுது, அதையும் சேத்துதான் ஆப் "பிரமாதம்"னு எழுதியிருக்கு. அக்கா பையனுக்கு காகிதத்த நிஜமாவே கிழிச்சு, மூணுல ஒண்ண தூக்கிப் போட்டுட்டு, கையில இருக்கிறத மடிச்சு நாலாக்கச் சொன்னேன், மடிச்சுப் பாத்துட்டு "அப்ப இது வேற முழுசா மாமா?"ன்னு கேட்டான். ஆமாண்டா, அதேதான்!

ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், மூணு விஷயம் கேட்டு. பையன் பி4ல நிக்கிறான்னு பெத்தவங்களுக்கு ஏன் சொல்லல, மேல வர்றதுக்கு என்ன கணக்கு வச்சிருக்கீங்க, அந்த கொ எப்ப சரியாகும். தானா வர்ற பதில் ஒண்ணு வந்துச்சு, உங்கள் கருத்துக்கு நன்றின்னு. சப்ஸ்கிரிப்ஷன் மார்ச்சோட முடியுது, அதுக்குள்ள மனுஷன் யாராச்சும் எழுதினா ரின்யூ பண்றதப் பத்தி அக்காகிட்ட பேசணும்.